வெள்ளவத்தைக்கு வீடு மாறும் பூனை: தூக்கக் குளிசை கொடுக்கலாமா?

டிக்கோயாவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “அடுத்த மாதம் வெள்ளவத்தைக்கு வீடு மாறுகிறோம். எங்களிடம் மூன்று வயதுப் பெண் பூனை இருக்கிறது. தடுப்பூசிக்காக ஹட்டன் டவுனுக்குக் கொண்டுபோனபோதே வழியெல்லாம் கத்தி, வாயில் எச்சில் ஒழுகி, கூடைக்குள்ளேயே மூத்திரம் போய்விட்டது. கொழும்பு வரை வேனில் எப்படிக் கொண்டுபோவது? நாங்கள் போடும் தூக்கக் குளிசையில் கால்வாசி கொடுத்தால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கொடுக்கலாமா?”

கால்வாசியும் வேண்டாம். பூனையின் ஈரல் பல மருந்துகளை நம் ஈரலைப்போல் உடைத்து வெளியேற்றாது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் டயஸிபாம் குளிசையை விழுங்கிய சில பூனைகள் ஈரல் செயலிழந்து செத்திருக்கின்றன. பனடோல் அதைவிடக் கொடியது. ஒரேயொரு 500 மில்லிகிராம் குளிசை பூனையின் உயிரை எடுக்கப் போதும். சளிக்குப் போடும் பிரிட்டோன் சில பூனைகளைத் தூங்கவைக்காமல், வெறி பிடித்ததுபோல் ஆக்கிவிடும். அப்புறம், வாந்தி வராமலிருக்கத் துணியில் யூகலிப்டஸ் தைலம் தடவுவது நம் பக்கத்துப் பழக்கம். பூனைக் கூடையில் அதைச் செய்யாதீர்கள். உரோமத்தில் பட்டதை நக்கி விழுங்கிவிடும், அது அதற்கு விஷம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் நுவரெலியாப் பக்கத்திலிருந்து ஒரு பூனையை என்னிடம் கொண்டுவந்தார்கள். வீட்டில் இருந்த தூக்கக் குளிசையில் பாதி கொடுத்திருந்தார்கள். “சேர், நல்லாத் தூங்குது” என்றார் அந்த ஐயா. கூடையைத் திறந்து காதைத் தொட்டால் குழாய்த் தண்ணீர்போல் சில்லிட்டிருந்தது. பூனையின் உடம்புச் சூடு 38 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். அதற்கு 35கூட இல்லை. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அணைத்துவைத்து, அது தலை தூக்கும்போது மத்தியானமாகிவிட்டது. மயக்கத்தில் இருக்கும் பூனையால் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் போகும். வேன் வளைவில் திரும்பும்போது காலை ஊன்றிக்கொள்ளவும் முடியாது. உங்கள் பூனைக்குத் தேவை மயக்கம் அல்ல, பயம் தணிவது.

அதற்கு நல்ல மருந்து உண்டு: கபாபென்டின். மனிதர்களுக்கு நரம்பு வலிக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். மிருக வைத்தியர்கள் பயணத்துக்குப் பெரும்பாலும் ஒரு பூனைக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை, புறப்பட இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகக் கொடுக்கச் சொல்வார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். ஆகவே பாமசியில் நீங்களாக வாங்காமல், பூனையைக் காட்டி எடை பார்த்து எழுதி வாங்குங்கள். வாந்தி எடுக்கும் பூனை என்றால் அதற்கும் தனி மருந்து இருக்கிறது, சேர்த்தே கேளுங்கள்.

பயணத்தன்று முதல்முறையாகக் கொடுக்கவே கூடாது. ஒரு வாரம் முன்னதாக, நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு நாளில் கொடுத்துப் பாருங்கள். நடை கொஞ்சம் தள்ளாடும், கண் பாதி செருகும், அது பரவாயில்லை. அலுமாரி மேல் ஏறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும். அப்படித் திரும்பாவிட்டால் அளவு அதிகம், வைத்தியரிடம் சொல்லிக் குறையுங்கள்.

மருந்தைவிட முக்கியம் கூடு. உங்கள் பூனைக்குக் கூடு என்றாலே ஊசிதான். அந்த நினைப்பு மாற இரண்டு வாரமாவது வேண்டும். பூட்டுப் போட்ட பிளாஸ்டிக் கூட்டை இன்றைக்கே எடுத்து, அடுப்படிச் சுவரோரம், அது வழக்கமாகச் சுருண்டு படுக்கும் இடத்தில் கதவைத் திறந்து வையுங்கள். நீங்கள் உடுத்திய பழைய பருத்திச் சேலையைத் துவைக்காமல் உள்ளே விரியுங்கள். கருவாட்டுத் துண்டை முதல் நாள் வாசலில், மறுநாள் உள்ளே, அப்புறம் ஆக உள்ளே வையுங்கள். தானாகப் போய்த் தூங்கத் தொடங்கிய பிறகுதான் கதவைச் சாத்திப் பழக்க வேண்டும். இடையில் ஒருநாள் அவசரப்பட்டுப் பிடித்துத் திணித்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி வேண்டவே வேண்டாம், மூத்திரத்தில் நனைந்தால் அடி விட்டுவிடும்.

காலை ஆறு மணிக்குப் புறப்படுவதானால் மூன்றரைக்கு மருந்து, ஒரு கரண்டி மீனில் கலந்து. முந்திய இரவுக்குப் பிறகு வேறு சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். கூட்டை மடியில் வைக்காமல், முன் சீட்டுக்குப் பின்னால் கீழே, அசையாதபடி இறுக்கி வையுங்கள். ஹட்டனில் குளிராக இருக்கும், கூட்டின் மேல் கம்பளி போடுங்கள். கினிகத்தேனை வளைவுகள் இறங்கிக் கித்துல்கல வரும்போது புழுக்கம் தொடங்கிவிடும், உடனே கம்பளியை எடுத்து மெல்லிய துணி போடுங்கள். கத்தினால் பயப்படாதீர்கள். நாய்போல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால்தான் ஆபத்து. வண்டியை நிழலில் நிறுத்திக் காற்றுப் படவிடுங்கள், அடங்காவிட்டால் அருகிலுள்ள மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். எதற்காகவும் வழியில் கூட்டைத் திறக்க வேண்டாம்.

வெள்ளவத்தையில் இறங்கியதும் முழு வீட்டையும் காட்டாமல், மலசலம் போக மண் நிரப்பிய தட்டும் தண்ணீரும் வைத்த ஒரே அறையில் விடுங்கள். மருந்தின் தள்ளாட்டம் அன்று இரவு வரைகூட இருக்கலாம். மாடி வீடு என்றால் பல்கனிக் கதவு சாத்தியே இருக்கட்டும். அந்தச் சேலையை ஒரு வாரத்துக்குத் துவைக்காதீர்கள்.