கார்பன் நானோகுழாயோடு ஒளியை உறிஞ்சும் சாயத்தை ஏன் சேர்க்கிறார்கள்?

கார்பன் நானோகுழாய் என்பது கார்பன் அணு வலையைச் சுருட்டியதுபோன்ற மிக நுண்ணிய குழாய். ஒளியை மின்சாரமாக்க அதோடு சாயத்தைச் சேர்க்கிறார்களே, இரண்டில் ஒன்றே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பார்ஃபிரின் என்ற கரிமச் சாயத்தையே எடுத்துக்கொள்வோம். இலையின் பச்சையத்துக்கும் நம் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமுக்கும் அது நெருங்கிய சொந்தம். 420 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே உள்ள ஒளியை அபாரமாக உறிஞ்சும். ஆனால் ஒளியால் ஆற்றல் பெற்றுக் கிளர்ந்த எலக்ட்ரானை அனுப்ப இடமில்லாமல், சில நானோநொடிகளில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். சுமார் 1 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரே அடுக்குச் சுவர் கொண்ட நானோகுழாய்க்கோ எலக்ட்ரானை வாங்கிக் கடத்துவது கைவந்த கலை.

சேர்ந்தால் நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம், எனக்கு மிகப் பிடித்த இடம் இது. புற ஊதா விளக்கின் கீழ் பார்ஃபிரின் கரைசல் சிவப்பாக ஒளிரும். குழாயில் ஒட்டியதும் அந்தச் சிவப்பு மங்கிவிடும். ஒளியாக வெளியேற வேண்டிய ஆற்றல் குழாய்க்குப் போகிறது. பல கலவைகளில் எலக்ட்ரானே தாவிவிடுகிறது.

சரி, எப்படி ஒட்டுவது? வேதிப் பிணைப்பு உறுதியானதுதான், ஆனால் குழாயின் அறுகோண வலையைக் குலைத்து மின்கடத்தலைக் கெடுக்கும். சுவரில் வறட்டி தட்டுவதுபோல், தட்டையான மூலக்கூறை மேலே படியவைப்பதே மேல் என்பேன். அப்புறம் ஒரு சிக்கல்: தாவிய எலக்ட்ரான் சீக்கிரமே சாயத்துக்குத் திரும்பிவிடும். திரும்புவதற்குள் அதை மின்சாரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆய்வாளர்கள் இவ்வளவு மெனக்கெடுவது அந்தத் திரும்புதலைத் தாமதப்படுத்தத்தான்.