இனிஷியல் மாறினாலும் பெயர் மாற்றம்தான்

திருமணச் சான்றிதழ் இருக்கிறது. அப்பா பெயருக்குப் பதில் கணவர் பெயரைச் சேர்க்க கெசட்டும் (அரசிதழ் அறிவிப்பும்) வேண்டுமா?

வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகம் தந்த திருமணச் சான்றிதழே ஆதாருக்கும் பானுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போதும். பான் கார்டுக்குக் கல்யாணப் பத்திரிகையையே ஆதாரமாகக் கொடுக்கலாம். உங்கள் சொந்தப் பெயரையே வேறாக்கினால்தான் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். இன்னும் பதிவே செய்யவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும். அபராதக் கட்டணத்தோடு இன்னொரு 60 நாள் கிடைக்கும்.

ஆதாரில் 'ஆர். கவிதா'. இப்போது 'கே. கவிதா' என்று மாற்றினால் போதும்தானே?

நம்மூரில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆதார் இனிஷியலை ஏற்கும். பான், பாஸ்போர்ட் இரண்டும் ஏற்காது. விரித்து எழுதச் சொல்லும். விளைவு, ஆதாரில் 'கே. கவிதா', பானில் 'கவிதா குமார்', பாஸ்போர்ட்டில் 'குமார் கவிதா'. ஆதாரையும் பானையும் இணைக்கும்போதோ பி.எஃப். பணம் எடுக்கும்போதோ 'பெயர் பொருந்தவில்லை' என்று வந்து நிற்கும்.

எனவே விண்ணப்பம் போடும் முன் ஒரு தாளில் முழுப்பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதி வையுங்கள். எது முன்னால், எது பின்னால், இடைவெளி எங்கே, 'த'வுக்கு எச் உண்டா இல்லையா என எல்லாம் அதில் முடிவாகட்டும். எந்தப் படிவத்தையும் அதைப் பார்த்தே நிரப்புங்கள். முதலில் ஆதார், அடுத்து பான், பிறகு வங்கி, பி.எஃப். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் திருத்த முடியும். எழுத்துப் பிழையைச் சரிசெய்வதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மாற்ற வேண்டுமா?

தொடவே வேண்டாம். படித்தபோது இருந்த பெயர் அது. கேட்கும் இடத்தில் திருமணச் சான்றிதழை இணைத்துக் கொடுங்கள்.

விவாகரத்து ஆகிவிட்டது. பழைய பெயர் தானாகவே வந்துவிடுமா?

வராது. திருமணத்தால் பெயர் தானாக மாறாதது போலத்தான் இதுவும். கல்யாணத்துக்குப் பிறகு ஆவணங்களில் பெயரை மாற்றாதவர்களுக்கு இப்போதும் வேலை இல்லை. மாற்றியவர்கள் நீதிமன்றத்தில் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். வக்கீல் கையில் இருக்கும் ஜெராக்ஸ் செல்லாது. இரண்டு மூன்று நகல் சேர்த்தே வாங்குவது நல்லது.

நகல் கைக்கு வந்ததும் அதில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கணவர் பெயர் சேர்ந்த பெயர் மட்டும்தான் இருக்கும். பிறந்தபோது இருந்த பெயரும் அதுவும் ஒரே ஆளுடையவை என்று அந்தத் தாள் சொல்லாது. அதைச் சொல்லத் திருமணச் சான்றிதழும் மார்க் ஷீட்டும் கூடவே வேண்டும். கோபத்தில் திருமணச் சான்றிதழைக் கிழித்தவர்கள் மறுநகலுக்கு அலைவது இதனால்தான்.

கல்யாணத்துக்கு ஒரு முறை, இப்போது ஒரு முறை என்றால் ஆதாரில் உங்கள் 2 வாய்ப்பும் முடிந்தது. மூன்றாவதற்கு அரசிதழ் அறிவிப்போடு தனியாக முறையிட வேண்டும். மறுமணத்தில் பெயரை மாற்றுவதா என்பதை இதையும் கணக்கில் வைத்து யோசியுங்கள்.

பழைய பெயரில் ஒரு மனை இருக்கிறது. பத்திரத்தைத் திருத்தி எழுத வேண்டுமா?

வேண்டாம். விற்கும்போது எழுதும் பத்திரத்தில் இரண்டு பெயரையும் '(எ)', அதாவது 'என்கிற', போட்டு எழுதி, பெயர் மாறியதற்கான சான்றைக் காட்டினால் போதும்.

எல்லா அடையாள அட்டையும் மாறிய பிறகு வா என்கிறது வங்கி.

பழைய பெயரில் உள்ள அடையாள ஆவணத்தோடு மாநில அரசு வழங்கிய திருமணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ இருந்தால் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) விதியே சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.