இன்னும் வெளிவராத கேமுக்குத் தீர்ப்பு எழுதலாமா?

கேள்வி: முதல் பாகத்தை இரண்டு முறை முழுக்க ஆடி முடித்தவன் நான். இரண்டாம் பாகம் மூன்று மாதத்தில் வருகிறது. டிரெய்லரில் கேமரா மாறிவிட்டது, கதாநாயகன் முகமே வேறு மாதிரி இருக்கிறது. நண்பர்கள் "இது தேறாது" என்கிறார்கள். எனக்கும் பாதி அப்படித்தான் படுகிறது. ஆனால் வெளிவராத ஒன்றைக் குறை சொல்வது நியாயமா என்றும் தோன்றுகிறது. முன்பதிவு செய்தால் கூடுதலாக ஓர் உடையும் ஆயுதமும் தருகிறார்களாம். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: வெளிவராத கேமைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பதை நான் ஏற்பதில்லை. நீங்கள் ஓர் அபிப்பிராயத்துக்கு வர வேண்டும் என்றுதானே டிரெய்லரே விடுகிறார்கள்? பிடித்தால் இன்றே பணம் கட்டலாம், பிடிக்காவிட்டால் மட்டும் வெளியாகும்வரை பொறுக்க வேண்டும் என்றால் அது என்ன கணக்கு? தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் எதைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்பதில் கறாராக இருங்கள். கேமரா எங்கே நிற்கிறது, இணையம் இல்லாமல் ஆட முடியுமா, காசு கொடுத்து வாங்கிய கேமுக்குள் இன்னொரு கடை திறந்திருக்கிறதா என்பவை ஏற்கெனவே எடுத்தாகிவிட்ட முடிவுகள். அவற்றை இன்றே எடைபோடலாம். அந்த முடிவுகள் எப்படித் தேறி வந்திருக்கின்றன என்பது கன்ட்ரோலரைக் கையில் பிடித்தால்தான் தெரியும். முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதற்குத் தீர்ப்பு எழுதுவதுதான் அநியாயம்.

நின்டெண்டோவின் செல்டா தொடரில் இது அப்படியே நடந்தது. 2000-இல், வரவிருந்த கேம்க்யூப் கன்சோலின் (டிவியோடு இணைத்து ஆடும் கருவி) திறனைக் காட்ட, நாயகன் லிங்க்கும் வில்லன் கேனன்டார்ஃபும் வாள்சண்டை போடும் சிறு காட்சி ஒன்றைத் திரையிட்டார்கள். அடுத்த செல்டா இதுதான் என்று ரசிகர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். மறு ஆண்டு உண்மையான கேமைக் காட்டியபோது கார்ட்டூன் படம்போல, பெரிய கண்களோடு ஒரு பொடியன் ஓடிவந்தான். கொதித்துப்போனார்கள். அந்த 'விண்ட் வேக்கர்' 2002 டிசம்பரில் ஜப்பானில் வெளியானது. இன்றைக்கு அந்தத் தொடரில் பலருக்கு மிகப் பிடித்த பாகங்களில் அதுவும் ஒன்று. "இந்த ஓவிய பாணி எனக்கு ஒட்டவில்லை" என்று 2001-இல் சொன்னவர் தப்பே செய்யவில்லை. "ஆகவே இது சின்னப் பிள்ளைகள் கேம்" என்று அங்கிருந்து தாவியவர்தான் சறுக்கினார். அவர்கள் ஒப்பிட்டது முந்தைய பாகத்தோடுகூட இல்லை. யாரும் விற்பதாகச் சொல்லாத, தங்கள் மனத்துக்குள்ளேயே கட்டிக்கொண்ட ஒரு கேமோடு.

இப்போது உங்கள் கேமராவுக்கு வருவோம். "ஏன் மாற்றினார்கள்" என்பதைவிட "மாற்றியதற்கு ஏற்ப மற்றதையும் மாற்றினார்களா" என்பதுதான் பயனுள்ள கேள்வி. 'காட் ஆஃப் வார்' தொடரின் பழைய பாகங்களில் கேமரா தள்ளி நின்று மொத்தச் சண்டைக்களத்தையும் காட்டும். 2018-இல் வந்த பாகத்தில் அது நாயகன் க்ரேட்டோஸின் தோளுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அப்படி வந்தால் முதுகுப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. அதைச் சமாளிக்க, திரைக்கு வெளியிலிருந்து யாராவது பாய்ந்தால் அந்தத் திசையைக் காட்டும் அம்புக்குறி ஒன்றை க்ரேட்டோஸைச் சுற்றி வைத்தார்கள். போதாதென்று, மகன் அட்ரியஸ் வேறு ஆபத்து வருகிறது என்று கத்தி எச்சரிப்பான். உங்கள் கேமின் சண்டைக் காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். கேமரா நெருங்கி வந்திருக்கிறது, சரி. முதுகுக்குப் பின்னால் வருபவனைப் பற்றிச் சொல்ல ஏதாவது வழி வைத்திருக்கிறார்களா? எதிரிகள் முன்புபோலவே கூட்டமாக வருகிறார்களா, அல்லது எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொருவனையும் கெட்டியாக்கியிருக்கிறார்களா? இதைப் பார்த்துவிட்டு நீங்கள் சொல்லும் குறை, குறையாகவே இருந்தாலும் நியாயமான குறை.

முகத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வேறு என்ஜின் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்), வேறு ஒளியமைப்பு, வேறு நடிகர் என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். பத்து மணி நேரம் ஆடினால் கண் பழகிவிடும்.

டிரெய்லர் பார்ப்பதற்கே ஒரு முறை உண்டு. முதல் தடவை ரசியுங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், பாதி பரவசம் இசையோடு போய்விடும். மூன்றாவது தடவை கீழே பொடி எழுத்தில் ஓடும் வரியைப் படியுங்கள். "கேம் என்ஜினில் பதிவானது" என்றால் அந்தக் காட்சியை ஒருவர் ஆடினார் என்று அர்த்தமில்லை. உயிர்ப்பட்டை, குண்டுக் கணக்கு, வரைபடம் ஏதாவது திரையில் தெரிகிறதா? கேமரா சினிமாபோல வழுக்கிக்கொண்டு போகிறதா, அல்லது மனிதக் கை திருப்பியதுபோல லேசாகத் தடுமாறித் திருத்திக்கொள்கிறதா? அந்தத் தடுமாற்றம் தெரிந்தால் யாரோ உண்மையிலேயே ஆடுகிறார் என்று பெரும்பாலும் நம்பலாம். மழையும் புகையும் கட்டம் கட்டமாகத் தெரிவதற்குக் கேமைத் திட்டாதீர்கள். அது பெரும்பாலும் வீடியோவைச் சுருக்கியதால் வந்த வினை. ஒருமுறை இதையே பெரிய குறையாக நீட்டி முழக்கி எழுதிவிட்டு, பிறகு அசல் கோப்பை இறக்கிப் பார்த்து அசடு வழிந்தவன் நான்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே அந்த ஒரு சோற்றைப் பொறுக்கித் தருபவர் சமைத்தவரேதான். 'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' 2013-இல் வந்தபோது, முன்னோட்டக் காட்சிகளில் கண்டதும் கையில் கிடைத்ததும் வேறு வேறாக இருந்தன. பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பிடம் புகார் போக, டிரெய்லர்களோடு ஒரு விளக்கக் குறிப்பைச் சேர்க்க, கேமை வெளியிட்ட சேகா நிறுவனம் ஒப்புக்கொண்டது. மாறாக, 'மெட்டல் கியர் சாலிட் 2'-இன் டெமோவில், அதாவது முன்கூட்டி ஆடிப் பார்க்கத் தந்த சிறு பகுதியில், பொய்யே இல்லை. அதில் ஆடிய நாயகன் ஸ்நேக், கப்பல், மழை எல்லாம் 2001-இல் வந்த கேமிலும் அப்படியே இருந்தன. ஆனால் அது முன்கதை மட்டும்தான். அதற்குப் பிறகு ரெய்டன் என்ற புதியவனைத்தான் ஆட வேண்டும் என்பதை மூச்சுவிடவில்லை. ஆகவே டெமோ கிடைத்தால் ஆடுங்கள். அதிலிருந்து ஓட்டம், குதி, சுடுதல் கைக்கு எப்படி இருக்கிறது என்று தெரியும். கதையும் நீளமும் தெரியாது.

காலத்தோடு சொன்ன குறைக்குப் பலன் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். 2020 ஜூலையில் 'ஹேலோ இன்ஃபினிட்'டைக் காட்டியபோது ஒளி தட்டையாக இருக்கிறது, முகங்கள் பொம்மைபோல இருக்கின்றன என்று குறிப்பாகச் சொன்னார்கள். கிராபிக்ஸில் வேலை பாக்கி இருப்பதை ஸ்டுடியோவும் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டே வரவேண்டிய கேம் 2021 டிசம்பரில்தான் வந்தது. "தேறாது" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எந்த ஸ்டுடியோவும் எதையும் திருத்த முடியாது.

அப்புறம் பணம். இது வேறு விஷயம், அபிப்பிராயத்தோடு இதைக் குழப்பாதீர்கள். கேம்மேல் முழு நம்பிக்கை இருந்தாலும் முன்பதிவு செய்யாமல் இருக்கலாம். டிஜிட்டல் கேம் தீர்ந்துபோகிற சரக்கில்லை. அந்த உடையை மூன்றாவது மணி நேரத்தில் கழற்றி வைத்துவிடுவீர்கள். கட்டியே தீர்வேன் என்றால் பணம் திரும்பக் கிடைக்கும் இடத்தில் கட்டுங்கள். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் முன்பதிவை வெளியாகும்வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். வெளியான பிறகு 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும்.

கடைசி இரண்டு வாரங்களில்தான் உருப்படியான தகவல் வரும். 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2' 2023 அக்டோபரில் வருமுன்பே தேவையான கணினித் திறனை உயர்த்தினார்கள், வேகம் எதிர்பார்த்த அளவில் இல்லை என்று தயாரிப்பாளர்களே எச்சரித்தார்கள். சொன்னபடியே திணறியது. விமர்சனங்கள் எந்தக் கருவியில் ஆடி எழுதப்பட்டவை என்றும் பாருங்கள். 'சைபர்பங்க் 2077'-க்கு 2020-இல் முதலில் வந்த விமர்சனங்கள் கணினிப் பதிப்பை ஆடியவை. பழைய கன்சோல்களில் அது பட்ட பாடு வாங்கியவர்களுக்குத்தான் தெரிந்தது. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை நீக்கியது. முன்கூட்டியே விமர்சனம் வராவிட்டால் கேம் மோசம் என்றும் சொல்லிவிட முடியாது. 'ஹாலோ நைட்: சில்க்சாங்' 2025 செப்டம்பரில் விமர்சகர்களுக்கு முன்கூட்டிப் பிரதி தராமலேயே வந்து பாராட்டுப் பெற்றது. நீங்கள் செய்ய வேண்டியது, உங்களிடம் இருக்கும் அதே கருவியில் யாராவது ஆடிய அரை மணி நேர வீடியோ வரும்வரை பணப்பையைத் திறக்காமல் இருப்பதுதான்.

அதுவரை முதல் பாகத்தை ஒரு மணி நேரம் மறுபடி ஆடுங்கள். நினைவில் இருக்கும் கேம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அதன் மந்தமான தொடக்கமும் கடுப்பேற்றும் மெனுவும் நமக்கு மறந்தே போயிருக்கும். இரண்டாம் பாகத்தை அந்த அசலோடு ஒப்பிடுங்கள். நண்பர்கள் அடுத்த முறை "தேறாது" என்றால், எந்தக் காட்சியைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். நிமிடமும் நொடியும் சொன்னால் உட்கார்ந்து பேசுங்கள்.