சி நூலகத்தைப் பைதானிலிருந்து அழைத்தால் தப்பான விடை வருவது ஏன்?

கேள்வி: எங்களிடம் சி மொழியில் எழுதிய கணக்கீட்டு நூலகம் ஒன்று இருக்கிறது. பைதானிலிருந்து சிடைப்ஸ் (சி நூலகங்களை அழைக்க உதவும் பைதான் கருவி) வழியாக அதை அழைக்கிறேன். சராசரி கேட்டால் சம்பந்தமே இல்லாத ஒரு முழு எண் வருகிறது. இன்னொரு ஃபங்ஷன் ஒரு பாயிண்டரை, அதாவது நினைவக முகவரியை, தருகிறது; அதைப் பயன்படுத்தினால் சில நேரம் ஓடுகிறது, சில நேரம் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழை) வந்து நின்றுவிடுகிறது. சி-யில் தனியாகச் சோதித்தால் எல்லாம் சரி. மொத்தத்தையும் பைதானில் மாற்றி எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். கோளாறு அநேகமாக நூலகத்தில் இல்லை, அழைக்கிற இடத்தில்தான்.

ஃபங்ஷன்களின் வகைகளை அறிவிக்கும் உங்கள் ஹெடர் கோப்பை சிடைப்ஸ் படிப்பதே இல்லை. நூலகக் கோப்பில் ஃபங்ஷனின் பெயரைத் தேடி, அது இருக்கும் முகவரிக்குத் தாவும், அவ்வளவுதான். என்ன வகை மதிப்பு திரும்பி வரும் என்று நீங்கள் சொல்லாவிட்டால், இன்ட் (முழு எண்) என்று அதுவாகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் சராசரி ஃபங்ஷன் தருவதோ டபுள் (தசம எண்). 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் டபுள் விடை எக்ஸ்எம்எம்0 என்ற ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) வரும். முழு எண் ஆர்ஏஎக்ஸ் என்ற வேறொரு ரெஜிஸ்டரில் வரும். விடை அங்கே காத்திருக்க, சிடைப்ஸ் இங்கே எட்டிப் பார்க்கிறது. ஆர்ஏஎக்ஸில் அந்த நேரத்தில் எது கிடந்ததோ அதைத்தான் சராசரி என்று காட்டுகிறது. அந்த ஃபங்ஷனின் ரெஸ்டைப்பில் (திரும்பி வரும் வகையைச் சொல்லும் இடம்) சி_டபுள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

செக்மென்டேஷன் ஃபால்டுக்கும் வேர் இதுதான். 64 பிட் கணினியில் பாயிண்டர் 8 பைட், இன்ட் 4 பைட். முகவரியின் மேல்பாதி வெட்டுப்பட்டுப் போகிறது. முகவரி தற்செயலாகச் சின்னதாக இருந்த நாளில் மட்டும் தப்பித்துவிடுவீர்கள். ரெஸ்டைப்பை சி_வாய்ட்_பி (பாயிண்டர் வகை) என்று மாற்றுங்கள். பலர் இத்தோடு நிறுத்திவிட்டு, பிறகும் ஏன் நிற்கிறது என்று குழம்புவார்கள். திரும்பி வந்த முகவரி பைதானில் வெறும் முழு எண். அதை அடுத்த ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது மறுபடியும் இன்ட்டாக வெட்டுப்படும். ஆகவே வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷனின் ஆர்க்டைப்ஸிலும் (உள்ளே போகும் மதிப்புகளின் வகைகளைச் சொல்லும் இடம்) சி_வாய்ட்_பி என்று எழுத வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு ஃபங்ஷனைக்கூட விடாமல் இரண்டையும் எழுதிவிடுங்கள், அது இன்ட்டே தந்தாலும் சரி.

அப்புறம் நினைவகம். நூலகம் மல்லாக் செய்து (நினைவகம் ஒதுக்கி) ஒரு சரத்தைத் தருகிறது என்று வையுங்கள். ரெஸ்டைப்பை சி_சார்_பி (சரத்துக்கான பாயிண்டர் வகை) என்று வைத்தால், சிடைப்ஸ் அதைப் பைட்ஸாக நகலெடுத்துக் கொடுத்துவிட்டு மூல முகவரியை விட்டுவிடும். விடுவிக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது; நிரல் ஓட ஓட நினைவகம் கசியும். சி_வாய்ட்_பி ஆக வாங்கி, சிடைப்ஸின் ஸ்ட்ரிங்_அட் கொண்டு நகலெடுத்து, பிறகு நூலகமே தரும் விடுவிப்பு ஃபங்ஷனிடம் முகவரியைத் திருப்பிக் கொடுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வேறொரு ஃப்ரீயை (நினைவகத்தை விடுவிக்கும் சி ஃபங்ஷன்) கூப்பிடுவது, குறிப்பாக விண்டோஸில், ஆபத்து: உங்கள் டிஎல்எல்லின் (விண்டோஸ் நூலகக் கோப்பு) ஹீப் (நினைவகம் ஒதுக்கும் பகுதி) வேறாக இருக்கலாம்.

விண்டோஸ் என்றதும் இன்னொன்று: அங்கே லாங் என்ற முழு எண் வகை 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8. இரண்டிலும் ஓட வேண்டுமானால் லாங்கைத் தவிர்த்து, அளவு உறுதியான இன்ட்64_டி போன்ற வகைகளை வையுங்கள். பைதான் ஃபங்ஷனை கால்பேக்காக (சி திரும்ப அழைக்கும் ஃபங்ஷனாக) கொடுத்தால், அதைச் சுற்றி சிடைப்ஸ் உருவாக்கிய பொருளை ஒரு மாறியில் பிடித்து வையுங்கள்; இல்லாவிட்டால் பைதான் அதைக் குப்பையாக அள்ளிவிடும், பிறகு சி பக்கம் ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட முகவரிக்குத் தாவும்.

இனி எங்கே நிற்கிறது என்று தெரிய, பைதானை -எக்ஸ் (பெரிய எழுத்து X) ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற தெரிவோடு ஓட்டுங்கள். விழும் நேரத்தில் எந்தப் பைதான் வரியில் இருந்தது என்று காட்டும்.

வேகத்துக்காகத்தான் சி-யை வைத்திருக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக அழைக்காதீர்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் வகை மாற்றும் செலவு உண்டு. முழு வரிசையையும் ஒரே அழைப்பில் அனுப்புங்கள். ஃபங்ஷன்கள் பத்து இருபது என்றால் சிடைப்ஸ் போதும். அதற்கு மேல் போனால் சிஎஃப்எஃப்ஐ என்ற இன்னொரு கருவியின் பக்கம் போகலாம்: சி அறிவிப்புகளை அப்படியே ஒட்டினால் வகைகளை அதுவே புரிந்துகொள்ளும்.