போட்டியின்றித் தேர்வாக வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊழியர் சங்கத்தில் தலைவர் யார் என்பதை, ஒருமுறைகூடத் தேர்தலில் நிற்காத மூத்தவர் ஒருவர்தான் முடிவு செய்கிறார். இம்முறை என்னைப் போட்டியின்றித் தேர்வு செய்ய ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். ஒப்புக்கொண்டால் அவருடைய கைப்பாவை ஆகிவிடுவேனோ என்று தயங்குகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: அவரைச் சூழ்ச்சிக்காரர் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பதவிக்கு ஆசைப்படாதவரிடம்தான் பலரும் மனம்விட்டுப் பேசுவார்கள். யாருக்கு யாரைப் பிடிக்காது, யார் எதற்கு இணங்குவார் என்பதெல்லாம் அப்படித்தான் அவரிடம் வந்து சேர்கிறது. அவருடைய பலமே அதுதான்.

1964 மே மாதம் நேரு மறைந்தபோது, காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் முதலமைச்சர்களையும் கலந்து பேசி, அடுத்த பிரதமர் யார் என்பதில் பெரும்பான்மைக் கருத்து லால் பகதூர் சாஸ்திரிக்கே சாதகம் என்று அறிவித்தார். அந்தப் பதவியை விரும்பிய மொரார்ஜி தேசாய் ஒதுங்கிக்கொண்டார். வாக்கெடுப்பு நடக்காததால், யாருக்கு எத்தனை பேர் என்ற கணக்கு கேட்டறிந்தவரிடமே தங்கிவிட்டது. 1966 ஜனவரியில் சாஸ்திரி மறைந்தபோது தேசாய் விட்டுக்கொடுக்க மறுத்தார். வாக்கெடுப்பில் காமராஜரின் ஆதரவு பெற்ற இந்திரா காந்தி 355-க்கு 169 என்று வென்றார். அந்த ஆதரவைத் திரட்டியதில் காமராஜருக்குப் பெரும்பங்கு இருந்தாலும், எல்லோரும் அறிய எண்ணப்பட்ட வாக்குகள் இந்திராவின் கணக்கில்தானே சேரும்? 1969-இல் கட்சி பிளந்தபோது இருவரும் எதிரெதிர் அணிகளில் இருந்தார்கள்.

எனவே, நிற்க ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று சொல்லுங்கள். எதிர்த்து நிற்க விரும்புகிறவரை எவரும் சமாதானப்படுத்தி விலக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அதற்கு முன்பு, அவருடைய துணையின்றி உறுப்பினர்களை நீங்களே நேரில் சந்தித்துப் பேசுங்கள்.

இன்னொன்று, அவர் பதிலுக்கு என்ன எதிர்பார்க்கிறார் என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள். முகலாய ஆட்சியில் 1713-இல் ஃபரூக்சியர் அரியணை ஏறக் காரணமான சையது சகோதரர்கள், வசீர் (தலைமை அமைச்சர்), மீர் பக்‌ஷி (படை நிர்வாகத் தலைவர்) ஆகிய பெரும் பதவிகளைத் தாங்களே பெற்றார்கள். உரசல் முற்றி 1719-இல் அவரை இறக்கியவர்களும் அவர்களே, அதே ஆண்டில் அடுத்தடுத்து மூவரை அரியணையில் அமர்த்தியவர்களும் அவர்களே. உங்கள் சங்கத்தில் பொருளாளரையும் செயலாளரையும் யார் தேர்ந்தெடுப்பார்கள் என்று கேளுங்கள். "அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் சொன்னால், இம்முறை விலகிக்கொள்ளுங்கள்.