இரண்டு விபிஎன் போட்டால் இரு மடங்கு மறைவா?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கான டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன். நிறுவனம் கொடுத்த லேப்டாப்பில் அவர்களுடைய விபிஎன் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். சொந்தப் பணத்தில் இன்னொரு விபிஎன் சந்தாவும் வாங்கியிருக்கிறேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால், நான் இணையத்தில் செய்பவை கூடுதலாக மறையுமா? சந்தா வாங்கிய செயலியிலேயே ‘டபுள் விபிஎன்’ என்றொரு பொத்தான் இருக்கிறதே, அது போதாதா?”

விபிஎன் என்பது உங்கள் இணையத் தரவைக் குறியாக்கி (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி) வேறொரு சர்வர் வழியே அனுப்பும் சேவை. அலுவலக விபிஎன்னோடு சொந்த விபிஎன்னை அடுக்க வேண்டாம். செயலியில் உள்ள பொத்தானால் ஓரளவு பயன் உண்டு. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் பயன் அதில் கிடைக்காது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஒரு தரமான விபிஎன்னின் குறியாக்கமே உடைக்க முடியாத அளவுக்கு வலுவானது என்பதால், இன்னொன்றைச் சேர்ப்பதால் அந்த வலு கூடுவதில்லை. உங்களைப் பற்றிய விவரம் யாரிடம் எவ்வளவு சேர்கிறது என்பது மாறுகிறது.

ஒரே விபிஎன் ஓடும்போது, நீங்கள் ஏதோ ஒரு விபிஎன் சர்வரோடு பேசுகிறீர்கள் என்பதும், எந்த நேரத்தில் எவ்வளவு தரவு போய்வருகிறது என்பதும் உங்கள் வீட்டு ஃபைபர் நிறுவனத்துக்குத் தெரியும். எந்தத் தளத்துக்குச் செல்கிறீர்கள் என்பது தெரியாது. அந்தத் தகவல் விபிஎன் நிறுவனத்திடம் இடம் மாறிவிடுகிறது. உங்கள் வீட்டு ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), நீங்கள் செல்லும் தளங்களின் முகவரிகள் ஆகிய இரண்டும் அங்கே சேர்கின்றன. (முகவரி https என்று தொடங்கும் எச்டிடிபிஎஸ் தளங்களில் நீங்கள் தட்டச்சு செய்யும் கடவுச்சொல் விபிஎன் இல்லாமலேயே குறியாக்கத்துக்குள்தான் செல்கிறது என்பதை விபிஎன் விளம்பரங்கள் வசதியாக மறந்துவிடும்.)

இரண்டு சர்வர்களை அடுக்கும்போது நடப்பது, ராணிப்பேட்டைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்த பெட்டியை, அது பெங்களூரில் உள்ள இன்னோர் அலுவலகத்திடம் ஒப்படைத்து, அந்த இரண்டாவது அலுவலகம் பெறுநரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு ஒப்பானது. அனுப்பியவரை முதல் அலுவலகமும், பெறுபவரை இரண்டாவது அலுவலகமும் அறியும். இரு முனைகளையும் அறிந்தவர் எவரும் இல்லை. ஆனால் இரண்டு அலுவலகங்களுக்கும் முதலாளி ஒருவரே என்றால், இரண்டு பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட முடியும். டபுள் விபிஎன் பொத்தானில் இரண்டு சர்வர்களும் ஒரே நிறுவனத்தினுடையவை என்பதால், அதன் நிலை இதுவே. ஏதோ ஒரு நாட்டில் உள்ள ஒரு சர்வரை மட்டும் வெளியாள் கண்காணித்தால் அது உங்களைக் காக்கும். விபிஎன் நிறுவனத்திடமிருந்தே காக்காது.

‘நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை’ என்ற அறிவிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இரு வகையான முன்னுதாரணங்களும் உள்ளன. 2011இல் சோனி பிக்சர்ஸ் தளம் ஊடுருவப்பட்ட வழக்கில், பிரிட்டனின் ஹைட்மைஆஸ் நிறுவனம் நீதிமன்ற உத்தரவின்பேரில் தன்னிடமிருந்த இணைப்பு விவரங்களைக் கொடுத்தது; பயனர் பிடிபட்டார். 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீசார் முல்வாட் நிறுவனத்தின் கோத்தன்பர்க் அலுவலகத்துக்குச் சோதனை ஆணையோடு வந்தபோது, வாடிக்கையாளர் விவரம் எதுவும் சேமிக்கப்படாததால் வெறுங்கையோடு திரும்பினர் என்று அந்நிறுவனம் அறிவித்தது.

இந்தியச் சூழலில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, பொதுமக்களுக்குச் சேவை விற்கும் விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், அவருக்கு ஒதுக்கப்பட்ட ஐபி ஆகியவற்றை, சந்தா முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இதை ஏற்க மறுத்து எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ஃப்ஷார்க் ஆகிய விபிஎன் நிறுவனங்கள் அந்த ஆண்டிலேயே தங்கள் இந்திய சர்வர்களை அகற்றிக்கொண்டன. ஊழியர்களுக்காக மட்டும் ஒரு நிறுவனம் நடத்தும் விபிஎன்னுக்கு இந்த உத்தரவு பொருந்தாது.

இப்போது உங்கள் அலுவலக லேப்டாப்புக்கு வருவோம். ரவுட்டரில் சொந்த விபிஎன்னும் லேப்டாப்பில் அலுவலக விபிஎன்னும் ஓடினால், அலுவலகத்தினுடையது உள்ளடுக்காக இருக்கும். உள்ளடுக்கு முடியும் இடம் அலுவலகம். ஆகவே அந்த லேப்டாப்பிலிருந்து விபிஎன் வழியே நீங்கள் எந்தத் தளத்துக்குச் சென்றாலும், வெளியே எத்தனை அடுக்கு இருந்தாலும், அலுவலகத்துக்கு அது தெரியும். நிறுவனம் தன் டிஜிட்டல் சான்றிதழை (தான் அனுப்பும் பக்கங்களை நம்பும்படி பிரவுசருக்குச் சொல்லும் கோப்பு) அந்த லேப்டாப்பில் நிறுவியிருந்தால் எச்டிடிபிஎஸ் பக்கங்களின் உள்ளடக்கத்தைக்கூடப் பார்க்க இயலும். மறுபுறம், சத்துவாச்சாரியில் இருக்கும் ஊழியர் திடீரென சிங்கப்பூர் ஐபியிலிருந்து நுழைவதாகப் பதிவானால், பாதுகாப்புப் பிரிவு உங்கள் கணக்கை முடக்கவும் விளக்கம் கேட்கவும் செய்யும். நோயாளிகளின் தரவைக் கையாளும் வேலையில் எங்கிருந்து இணையலாம் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கலாம், எடுத்துப் பாருங்கள். சொந்த வேலைகளுக்குச் சொந்தச் சாதனம் என்பதைத் தவிர இதற்கு வேறு தீர்வு இல்லை.

சொந்த லேப்டாப்பில் உண்மையாகவே அடுக்க விரும்பினால், வேறு வேறு நிறுவனங்களின் சந்தா இரண்டு வேண்டும். இரண்டையும் ஒரே மின்னஞ்சலிலும் ஒரே கார்டிலும் வாங்கினால், எந்த அடுக்கிலிருந்து தேடினாலும் உங்கள் பெயருக்கே வந்து சேரலாம் என்பதை நினைவில் வையுங்கள். ஒரே கணினியில் இரண்டு செயலிகளை ஓட்டினால் இரண்டும் ரூட்டிங் அட்டவணைக்காக (எந்தத் தரவு எந்த வழியில் செல்லும் என்ற கணினியின் பட்டியல்) மோதிக்கொள்ளும். எது எதற்குள் செல்கிறது என்றே உறுதியாகத் தெரியாது. எனவே ஒன்றை ரவுட்டரிலும் மற்றதைக் கணினியிலும் அமையுங்கள். ஆண்ட்ராய்டு போனில், ஒரே பயனர் கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் இயங்கும்.

வேகம் குறையும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், ஒவ்வொரு 1,000 கிலோமீட்டருக்கும் போய்வர 10 மில்லிநொடி கூடுகிறது. முதல் சர்வர் சிங்கப்பூரிலும் இரண்டாவது ஃபிராங்க்பர்ட்டிலும் இருந்தால், சென்னையில் உள்ள தளத்தைத் திறப்பதற்கும் தரவு ஜெர்மனி வரை போய்த் திரும்ப வேண்டும்.

அதைவிட அதிகம் குழப்புவது, சில தளங்கள் திறப்பதும் சில பாதியில் நிற்பதுமான கோளாறு. பெரும்பாலும் எம்டியு, அதாவது ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு, இதற்குக் காரணம். ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1,500 பைட். பயனர்பெயர் கொடுத்து இணையும் பிபிபிஓஇ வகை ஃபைபரில் 1,492. வயர்கார்ட் என்ற விபிஎன் முறை ஓர் அடுக்குக்கு 80 பைட் வரை எடுத்துக்கொள்வதால், வெளியடுக்குக்கு 1,412, உள்ளடுக்குக்கு 1,332தான் மிஞ்சும். உள்ளடுக்கில் எம்டியுவை 1,280 என்று வைத்தால் பெரும்பாலும் சிக்கல் தீரும். ஓபன்விபிஎன் என்ற இன்னொரு முறையைப் பயன்படுத்தினால் இரண்டு அடுக்கையும் டிசிபியில் (பொட்டலம் சேர்ந்ததா என்று உறுதிசெய்து, சேராவிட்டால் மீண்டும் அனுப்பும் முறை) வைக்காதீர்கள், அப்படிச் செய்யாத யுடிபி போதும்.

அமைத்த பிறகு ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியதும் இணையம் துண்டிக்கப்பட வேண்டும். தொடர்ந்து ஓடினால் கில் ஸ்விட்ச் (விபிஎன் நின்றால் இணையத்தைத் துண்டிக்கும் வசதி) வேலை செய்யவில்லை என்று பொருள். ஐபிவி6 முகவரியும் (புதிய வகை ஐபி முகவரி) டிஎன்எஸ் கேள்விகளும் (தளத்தின் பெயருக்குரிய ஐபியைக் கேட்பவை) விபிஎன்னுக்கு வெளியே கசிகின்றனவா என்பதையும் சோதியுங்கள்.

சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில், சிகிச்சைக்காக வாரக்கணக்கில் தங்குவோரும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. அங்கே அஞ்ச வேண்டியது அந்த வைஃபையை மட்டுமே என்பதால் ஒரு விபிஎன் தாராளம்.

கூகுள் கணக்கில் நுழைந்தபடியே தேடினால், எத்தனை அடுக்கு போட்டாலும் கூகுளுக்கு நீங்கள் யாரென்று தெரியும். குக்கீகளும் பிரவுசரின் தனி அடையாளங்களும் அப்படியே. எப்போதாவது ஒரு தேடலை யாரும் உங்களோடு இணைத்துப் பார்க்கக் கூடாது என்றால், இரண்டாவது சந்தாவுக்குச் செலவிடுவதைவிட, இலவசமாகக் கிடைக்கும் டார் பிரவுசரையே நான் பரிந்துரைப்பேன். தன்னார்வலர்கள் நடத்தும் 3 கணினிகள் வழியே அது தரவை அனுப்புகிறது. அவற்றுள் எந்த ஒன்றுக்கும் இரு முனைகளும் தெரியாது. வங்கி வேலைகளுக்கு மட்டும் அதைத் திறக்காதீர்கள். வெளிநாட்டு முகவரியைக் கண்டதும் வங்கி உங்கள் கணக்கை நிறுத்திவைக்கக்கூடும்.