கொண்டதும் தேடியதும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் சட்டக்கல்லூரி இறுதியாண்டு மாணவி. ஆங்கிலேயச் சட்ட வரலாற்றிலிருந்து சில பக்கங்களைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த வட பிரான்ஸின் நார்மண்டியைச் சேர்ந்த வில்லியமை ‘கான்கரர்’, அதாவது வென்றவர் என்கிறோம். ஆனால் 18-ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் வேறு மாதிரி சொல்கிறார். நிலவுடைமைச் சட்டத்தில் ‘கான்க்வெஸ்ட்’ என்பது பரம்பரையாக வராமல் வேறு வழியில் வந்த சொத்து, அதாவது ‘பர்ச்சேஸ்’தானாம். வாளால் பறித்ததை வாங்கியது என்று சொல்வது பூசி மெழுகும் வேலை இல்லையா? தமிழில் ‘வெற்றி’ என்று போட்டால் இந்தப் பொருள் போய்விடுகிறது. ‘கையகப்படுத்தல்’ என்றால் ரோடு போட நிலம் எடுப்பது போல இருக்கிறது. என்ன செய்யலாம்?

அன்புடன்,
ம., திருச்சி

அன்புள்ள ம.,

உங்கள் சந்தேகம் பாதி சரி. மீதிப் பாதியிலிருந்து தொடங்குகிறேன். பிளாக்ஸ்டன் இந்தப் பொருளைத் தானாகக் கற்பித்துச் சொல்லவில்லை. அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குத் தேடிச் சேர்ப்பது என்றுதான் பொருள். போர் அதில் பின்னால் வந்து ஏறிக்கொண்டது. நம் பத்திர எழுத்தர் யாரையாவது கேளுங்கள், பிதுரார்ஜிதம், சுயார்ஜிதம் என்று ஒரு நொடியில் பிரித்துச் சொல்வார். முன்னோர் வழியில் வந்தது ஒன்று, ஒருவர் தானாகச் சேர்த்தது மற்றொன்று. நார்மண்டிக்காரர்களுக்கும் இதே பிரிவினை இருந்தது. 1087-இல் வில்லியம் இறந்தபோது நார்மண்டி மூத்த மகன் ராபர்ட்டுக்குப் போனது, இங்கிலாந்து ராபர்ட்டின் தம்பி வில்லியம் ரூஃபஸுக்கு. பூர்வீகம் மூத்தவனுக்கு, தானாகச் சேர்த்தது தகப்பன் விரும்பியவனுக்கு என்று இதை விளக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு.

ஸ்காட்லாந்துச் சட்டத்தில் இந்தப் பொருள் மிக அண்மைக்காலம் வரை உயிரோடு இருந்தது. மூன்று சகோதரர்கள். நடுவில் உள்ளவர் பிள்ளையில்லாமல் இறந்துவிட்டார் என்று வையுங்கள். அவருக்குப் பரம்பரையாக வந்த நிலம் தம்பிக்கு இறங்கும். அவரே சேர்த்த நிலம், அதாவது ‘கான்க்வெஸ்ட்’, அண்ணனுக்கு ஏறும். 1874-இல்தான் ஒரு சட்டம் போட்டு இந்த வேறுபாட்டை எடுத்தார்கள். எடின்பரோவில் ஒரு வணிகர் வியாபாரத்தில் சம்பாதித்து ஒரு வீடு வாங்கியிருந்தால் அதுவும் ‘கான்க்வெஸ்ட்’தான். யாரும் யாரையும் வெட்டவில்லை.

சரி, பூசி மெழுகலுக்கு வருவோம். வில்லியம் தன்னை வென்றவன் என்றும் சொல்லிக்கொள்ளவில்லை, வாங்கியவன் என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. 1066 தொடக்கத்தில் இறந்த இங்கிலாந்து அரசர் எட்வர்டின் வாரிசு தான் என்றான். 1086-இல் அவன் எடுத்த நிலக் கணக்கு, எட்வர்ட் அரசர் உயிரோடிருந்து இறந்த நாளில் இந்த நிலம் யாரிடம் இருந்தது என்றுதான் கேட்கிறது. இடையில் ஒன்பது மாதம் முடிசூடி ஆண்ட ஹெரால்டின் ஆட்சியே நடக்காதது போல. ஆனால் அதே கணக்கில் யார்க்‌ஷயர் பக்கங்களைப் புரட்டினால் ஊர் ஊராக ‘பாழ்’ என்று எழுதியிருக்கிறது. 1069-70 குளிர்காலத்தில் வில்லியமின் படை வடக்கே விளைச்சலையும் கால்நடைகளையும் எரித்து அழித்த பகுதி அது. பட்டினியில் செத்தவர்களுக்கு அரசனின் உரிமை வாரிசுரிமையா, வாளுரிமையா என்ற வழக்கு எதற்கு? உங்கள் கோபம் இந்த இடத்தில் முழுக்க நியாயமானது.

ஆனால் ‘வாங்கியது’ என்ற விளக்கத்தைப் பிற்காலத்தில் இறுகப் பிடித்துக்கொண்டவர்கள் யார் என்று பாருங்கள். அரசனைக் கட்டுப்படுத்த நினைத்தவர்கள்! 1608-இல் நீதிபதி எட்வர்ட் கோக், கால்வின் வழக்கில் ஒரு விதியை எழுதிவைத்தார். ஒரு கிறிஸ்தவ நாட்டைப் போரில் வென்ற அரசன் அதன் சட்டங்களைத் தன் விருப்பப்படி மாற்றலாம். கிறிஸ்தவமல்லாத நாடென்றால் அதன் சட்டங்கள் அந்தக் கணமே செத்துவிடும். அப்படியானால் இங்கிலாந்தே வெல்லப்பட்ட நாடு என்று ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? மக்களின் உரிமையெல்லாம் அரசன் கொடுத்த பிச்சை என்றாகும். அரசர் பக்கத்தில் அப்படி வாதிட்டவர்களும் இருந்தார்கள். அதனால்தான் சொத்துச் சட்டத்தின் பழைய பொருள் மறுதரப்புக்குத் தேவைப்பட்டது. எவ்வளவு தேவைப்பட்டது என்றால், 1689-இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய மூன்றாம் வில்லியமும் மேரியும் வெற்றியின் உரிமையில் ஆள்கிறார்கள் என்று சொன்ன ஒரு பிரசுரத்தைத் தூக்குப்போடுபவன் கையால் எரிக்கச் சொல்லி 1693-இல் நாடாளுமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொல்லுக்கு அவ்வளவு பயந்தார்கள், பயந்ததும் சரிதான்.

உண்மையான பூசி மெழுகலைப் பார்க்க வேண்டுமானால் ஸ்பெயினுக்குப் போங்கள். 1573-இல் இரண்டாம் ஃபிலிப் வெளியிட்ட ஆணை, அமெரிக்காவில் இனி ‘கொன்கிஸ்தா’ (‘கான்க்வெஸ்ட்’டின் ஸ்பானிய வடிவம்) என்ற சொல்லே வரக்கூடாது, ‘அமைதிப்படுத்தல்’ என்று சொல்ல வேண்டும் என்றது. மெக்சிகோவின் தலைநகர் விழுந்து அப்போது 52 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்புறம், வாங்குவதும் வெல்வதும் ஒரே வழக்கில் நேருக்கு நேர் நின்ற கதை ஒன்று உண்டு. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் வலிப்பது அதுதான். 1775-இல் அமெரிக்காவின் பியாங்கஷா பழங்குடியினரிடம் சிலர் விலை கொடுத்து நிலம் வாங்கினார்கள். பின்னாளில் மெக்கின்டோஷ் என்பவர் அமெரிக்க அரசிடமிருந்து நிலம் வாங்கினார். முதலில் வாங்கியவர்களில் ஒருவரான ஜான்சனின் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். 1823-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பு சொன்னார். பழங்குடியினருக்கு அந்த மண்ணில் குடியிருக்கும் உரிமைதான் உண்டு, அதை அரசுக்குத் தவிர வேறு யாருக்கும் விற்க அவர்களுக்கு அதிகாரமில்லை என்றார். வெற்றி தரும் உரிமையை வென்றவரின் நீதிமன்றங்கள் மறுக்க முடியாது என்றும், அந்த உரிமை முதலில் நியாயமாக வந்ததா என்பதில் தனிமனிதர்கள் என்ன நினைத்தாலும் சரி என்றும் எழுதினார். இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அது நியாயமா என்று கேட்க என்னால் முடியாது என்று ஒரு நீதிபதியே சொல்லும் இடம் இது. பொய் சொல்லவில்லை, அதை மதிக்கிறேன். ஆனால் விலை கொடுத்து வாங்கிய பத்திரம் செல்லாது, வென்றவர் கொடுத்த பத்திரம் செல்லும். விற்ற பியாங்கஷா மக்கள் அந்த வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இல்லை. இந்தத் தீர்ப்பு அமெரிக்கச் சட்டத்தில் இன்னும் ரத்தாகவில்லை.

இனி உங்கள் தமிழ்ச் சிக்கல். பிளாக்ஸ்டனும் ஸ்காட்லாந்துக்காரர்களும் சொல்லும் பொருளுக்கு நீங்கள் புதுச்சொல் உண்டாக்கவே வேண்டாம். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1707-இல் தொகுத்த அந்தச் சட்டத்தில் சொத்து மூன்று வகை: முன்னோர் வழி வந்தது முதுசம், பெண் கொண்டுவருவது சீதனம், திருமண வாழ்வில் சேர்த்தது தேடியதேட்டம். பழைய பிரெஞ்சுச் சட்டத்திலும் கணவன் மனைவி சேர்ந்து ஈட்டிய சொத்துக்கு ‘கான்க்வெஸ்ட்’டின் உடன்பிறந்த சொல்தான் பெயர். லத்தீன் வேரும் தேடுவதுதான். இவ்வளவு பொருந்தும் ஒரு சொல்லை நான் வேறெங்கும் கண்டதில்லை. தேடியதேட்டம் என்றே எழுதுங்கள். ஒரு முறை விளக்கிவிட்டால் போதும்.

வில்லியமின் பட்டத்துக்கு மட்டும் அது ஒத்துவராது. அங்கே போரும் வேண்டும், சொத்தும் வேண்டும். அதற்குக் ‘கொள்’ இருக்கிறது. முதல் பராந்தகன் தன் கல்வெட்டுகளில் ‘மதிரை கொண்ட கோப்பரகேசரி’. அவன் மதுரையைப் பணம் கொடுத்து வாங்கவில்லை. ஆனால் பட்டினப்பாலையின் வணிகர்கள் ‘கொள்வதூஉம் மிகை கொளாது’ என்னும்போது அது வாங்குவதுதான். இன்றைக்கும் தஞ்சாவூர்ப் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் அதே ‘கொள்’ இருக்கிறது. அகநானூற்றில் உப்பு விற்கும் உமணர்கள் ‘வெண்கல் உப்பின் கொள்ளை சாற்றி’ மலைநாட்டுக்குப் போகிறார்கள். அங்கே கொள்ளை என்றால் விலை. அந்தச் சொல் இன்று நமக்கு என்ன பொருள் தருகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே ‘இங்கிலாந்து கொண்ட வில்லியம்’ என்று எழுதுங்கள். பிளாக்ஸ்டன் வரும் பக்கத்தில் அதே ‘கொண்ட’வை எடுத்து, வென்று கொண்டதா, விலைக்குக் கொண்டதா என்று அவர் கேள்வியைத் தமிழிலேயே கேட்டுவிடலாம். முடித்ததும் அந்தப் பக்கங்களை எனக்கும் அனுப்புங்கள், யார்க்‌ஷயர் பகுதியை நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள் என்று பார்க்க ஆசை.